மெஷின் நம்முடையது, ஞாயிறு யாருடையது?

கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் சவுக்குத் தோப்புகளை ஒட்டியிருக்கும் நம் தெருக்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். வீட்டு வாசலில் சாக்கு விரித்து, மரம் அறுக்கும் மெஷினைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். ஒருவர் ஏர் ஃபில்டரில் அடைத்த மரத்தூளைப் பெட்ரோல் விட்டு அலசுவார். இன்னொருவர் வட்ட அரத்தை வைத்துச் செயினின் ஒவ்வொரு பல்லாகத் தீட்டுவார். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது பிள்ளையின் வேலை. வாரம் முழுவதும் இருட்டோடு கிளம்பி இருட்டிய பிறகு திரும்பும் அப்பாவோடு அந்தப் பிள்ளை உட்காருவது அப்போதுதான்.

பழுது பெரிதாக இருந்தால் அந்த நேரமும் போய்விடும். கார்புரேட்டரோ கிளட்ச்சோ போனால் மெஷினைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏற வேண்டும். மெக்கானிக் கடையில் இவருக்கு முன்னால் நாலு மெஷின் இருக்கும். "ஸ்பேர் வரணும்ணே, புதன்கிழமை வாங்க" என்பார் அவர். திங்களும் செவ்வாயும் வேலை இல்லை. இவர் அறுத்துப் போடும் மரத்துக்குப் பட்டை உரித்து, கட்டை அடுக்குகிற மனைவிக்கும் அந்த இரண்டு நாள் கூலி இல்லை. ஒரு மெஷின் நின்றால் ஒரு வீட்டில் இரண்டு கூலி நிற்கிறது.

இந்த நாட்களுக்கு யார் பணம் தருகிறார்கள்? யாரும் தருவதில்லை. இதைத்தான் இந்த வாரம் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

முன்பு கோடாலியும், இரண்டு பேர் இழுக்கும் ரம்பமும் இருந்தன. கொல்லன் பட்டறையில் தோய்த்து வாங்கினால் கோடாலி பல காலம் உழைக்கும். எங்கள் பக்கத்தில் நான் மெஷினை அதிகமாகப் பார்க்கத் தொடங்கியது தானே புயலுக்குப் பிறகுதான். 2011 டிசம்பர் 30 அன்று அந்தப் புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. விழுந்த மரங்களைக் கோடாலியால் வெட்டி மாளாது. மெஷின் வைத்திருப்பவருக்கே வேலை என்று ஆனது. இன்றைக்கு மெஷின் இல்லாமல் தோப்புக்குப் போனால் கட்டை தூக்கும் வேலைதான் கிடைக்கும்.

மெஷின் வந்ததால் ஒரு நாளில் விழும் மரத்தின் அளவு பெருகியது. அதன் லாபம் வியாபாரிக்குப் போனது. செலவு தொழிலாளியின் தலையில் விழுந்தது. பெட்ரோல் அவருடையது. அதில் மெஷினுக்குத் தக்கபடி லிட்டருக்கு 20 முதல் 40 மில்லி வரை கலக்கும் டூ-டி ஆயில் அவருடையது. காசு போதாமல் ஆயிலைக் குறைத்தால் பிஸ்டன் இறுகி இன்ஜினே போய்விடும். செயினும் பாரும் தேயும் பொருட்கள். தெருவோரப் புளியமரத்தில் விளம்பரத் தட்டி மாட்ட எவரோ அடித்த ஒரு ஆணி போதும், புதுச் செயினின் பல் போய்விடும். கூலியோ டன் கணக்கு. எடை மேடையில் ஏறுவது கட்டை மட்டும்தான். பெட்ரோலும் செயினும் தொழிலாளியின் ஞாயிற்றுக்கிழமையும் அந்த மேடையில் ஏறுவதில்லை.

இங்கே ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஜேசிபியைக் கூப்பிட்டால் மணிக்கு இவ்வளவு என்று வாடகை. டிரைவருக்குப் பேட்டா தனி. டிராக்டர் உழவுக்கும் மணிக் கணக்குதான். அந்த வாடகைக்குள் டீசல், தேய்மானம், பழுது எல்லாம் அடக்கம். இதை யாரும் தவறென்று சொல்வதில்லை. மரம் அறுக்கும் மெஷினும் இன்ஜின் வைத்த இயந்திரம்தான். அதற்கு மட்டும் வாடகை ஏன் இல்லை? ஜேசிபியும் டிராக்டரும் பெரும்பாலும் ஊர்த் தெருவில் நிற்கின்றன. செயின் மெஷின் சேரியில் இருக்கிறது. ஊர்க்காரர் இயந்திரம் வைத்திருந்தால் அவர் 'ஓனர்'. நம் ஆள் இயந்திரம் வைத்திருந்தால் அவர் 'வெட்டுற ஆள்'. சாதி, இயந்திரத்தின் பெயரைக்கூட மாற்றிவிடுகிறது.

இதன் இன்னொரு முகத்தையும் நாம் அறிவோம். ஊரில் சாவு விழுந்தால் சுடுகாட்டுக்கு விறகு வெட்டித் தருவது நம் மீது சுமத்தப்பட்ட வேலையாக இருந்தது. பல ஊர்களில் போராடி அதை நிறுத்தியிருக்கிறோம். இப்போது அது போன் வழியாக வருகிறது. "நம்ம ஊரு சாவுதான, மெஷின எடுத்துட்டு வாடா" என்கிறார்கள். பெட்ரோலுக்குக்கூடக் காசு கேட்க முடியாது. சிலர் "ஒரு மணி நேரம் குடு" என்று மெஷினை இரவல் வாங்கிப் போய், இரண்டு நாள் கழித்துச் செயின் அறுந்த நிலையில் திருப்பிக் கொடுக்கிறார்கள். அந்தப் பழுதைச் சரிசெய்வதும் நம் ஆளின் ஞாயிற்றுக்கிழமைதான்.

மெஷின் வாங்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. வேளாண் கருவி மானியம் கேட்டுப் போனால் சிட்டா கேட்பார்கள். காலமெல்லாம் மரம் வெட்டுகிறவருக்கு ஒரு மரம் நடக்கூட நிலமில்லை. சிட்டாவுக்கு எங்கே போவார்? வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார். அது டன்னுக்கு இவ்வளவு என்று பிடிக்கப்படுகிறது. பழுது வந்தால் இன்னொரு முன்பணம். கணக்கு நோட்டு வியாபாரியிடம் இருக்கிறது. இது எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்டார்கள். இருளர் குடும்பங்கள். சொற்ப முன்பணத்துக்காகக் குழந்தைகளோடு அங்கேயே கிடந்தவர்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல். சொந்த மெஷின் வைத்திருப்பவர் கொத்தடிமை ஆகமாட்டார் என்று நினைக்க வேண்டாம். மெஷினே முன்பணத்துக்கு ஈடாகிவிட்டால், அவர் மெஷினோடு சேர்ந்து கட்டப்படுகிறார்.

உடம்பின் கணக்கு தனி. எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் வரைதான் காது தாங்கும் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் அளவு. இந்த மெஷினின் சத்தம் 100-ஐத் தாண்டும். நம் ஆட்கள் காதில் பஞ்சுகூட வைப்பதில்லை. நாற்பது வயதில் பிள்ளை பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டேனென்கிறார்கள். "அப்பாவுக்குக் கோபம்" என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. பார் நுனி கட்டையில் பட்டால் மெஷின் எகிறி முகத்துக்கு வரும். அதைத் தடுக்கத்தான் செயின் பிரேக். பழுதானவுடன் முதலில் கழற்றி எறியப்படுவதும் அதுதான். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை மரம் வெட்டும் வேலையைப் பெயர் சொல்லியே சேர்த்திருந்தது. ஆனால் விபத்து நடந்தவுடன் 'அவன் நம்ம ஆளே இல்ல, சொந்த மெஷின் வச்சித் தொழில் பண்றவன்' என்று வியாபாரி கைகழுவுகிறார். செலவுக்கும் அவரே ஓனர், காயத்துக்கும் அவரே ஓனர். கூலி பேசும்போது மட்டும் அவர் ஓனர் இல்லை.

1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர் அண்ணல் அம்பேத்கர். ஆலைத் தொழிலாளரின் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கும் சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்தவர் அவர். தொழிலாளிக்குப் படிக்கவும் குடும்பத்தோடு இருக்கவும் நேரம் வேண்டும் என்பது சலுகை கேட்பது ஆகாது, அது உரிமை. ஆலைக்குள் கிடைத்த அந்த உரிமை சவுக்குத் தோப்புக்கு இன்னும் வந்து சேரவில்லை.

செய்ய வேண்டியவை நம் கைக்கு எட்டாதவை இல்லை. முதலாவது, டன் கூலி வேறு, மெஷின் வாடகை வேறு என்று பிரித்துப் பேச வேண்டும். ஒரு தோப்புக்கு வரும் எல்லா மெஷின்காரர்களும் சேர்ந்து பேசினால்தான் இது நடக்கும். இரண்டாவது, முன்பணம் வாங்கினால் கணக்கு இரண்டு நோட்டில் இருக்க வேண்டும், ஒன்று நம் வீட்டில். மூன்றாவது, பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு பொது மெஷின் வைத்துக்கொண்டால், ஒருவருடையது பழுதானாலும் அந்த வீட்டுக் கூலி நிற்காது. பட்டை உரிக்கும் பெண்களின் சுய உதவிக் குழுவே அதை வாங்கலாம். நான்காவது, ஐடிஐ படித்துவிட்டுச் சும்மா இருக்கும் நம் பிள்ளைகளில் ஒருவர் தாட்கோ கடனில் பழுதுபார்க்கும் கடை வைக்கலாம். நம் தெருவிலேயே கடை இருந்தால் டவுனுக்குப் போகும் நாள் மிச்சம். வரும் பிள்ளைக்கு நிலப் பத்திரம் கேட்டு அதிகாரிகள் திருப்பி அனுப்பக் கூடாது. ஐந்தாவது, சாவு விறகானாலும் இரவல் ஆனாலும், காசில்லாமல் மெஷின் தெருவைத் தாண்டக் கூடாது என்று தெருக்கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். தனி ஆளால் மறுக்க முடியாததைத் தெரு மறுக்கலாம்.

அடுத்த தோப்புக்கு விலை பேச வியாபாரி வரும்போது, டன்னுக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன் மெஷின் வாடகை எவ்வளவு என்று கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தால் போதும்.