வேலியும் கிணறும்

‘பசுமை வாழ்வு’ என்னும் தொடர் இந்நாளில் மேடைதோறும் வழங்குகின்றது. பாடசாலைகளிற் கட்டுரைப் போட்டி நடாத்துவோர்க்கும் அது வாய்ப்பான தலைப்பாயிற்று. அதனை முழங்கும் கூட்டங்களிலேயே பேச்சாளர் ஒவ்வொருவர் முன்னும் பிளாஸ்ரிக் போத்தலில் நீர் வைக்கப்படுவது ஒருபுறம் இருக்க. அப்பசுமையை வீட்டில் எவ்விடத்தில் தொடங்குவது என்று வினாவுவார்க்கு மேடையிலிருந்து தெளிந்த விடை வருவதில்லை. மரம் நடுக என்பர்; நடலாம். ஆயின் நாரந்தனை, கரம்பொன், சரவணை, புளியங்கூடல் முதலாய ஊர்களில் வாழும் எம்மனோர்க்கு விடை கிணற்றடியிலும் வளவின் எல்லையிலும் கிடக்கின்றது என்பதே எமது கருத்து.

வேலணைத் தீவில் ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே நமது கிணற்று நீர். அது சுண்ணக்கல்லினூடே இறங்கி, உவர்நீரினும் பாரங் குறைந்ததாதலின், அதன்மேல் மிதந்து நிற்கின்றது. ஒல்லாந்தராகிய பாடன் கைபன் என்பவரும் ஜெர்மானியராகிய ஹெர்ஸ்பேர்க் என்பவரும் தனித்தனியே கண்ட கணக்கொன்று உண்டு. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்தினும் ஓரடி உயர்ந்து நிற்பின், கடல்மட்டத்தின் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும். மேலே ஓரடி தாழ்ந்தே இருக்குமாயின், காலப்போக்கிற் கீழிருந்து உவர்நீர் 40 அடி ஏறிவிடும். தீவான் ஒருவனுக்கு இதனினும் அச்சந் தருங் கணக்கு வேறு யாது?

துலாவினால் அள்ளிய நம் முன்னோர் இக்கணக்கை அறிந்திலர். அறியவேண்டிய தேவையும் அவர்க்கு இருக்கவில்லை. அள்ளுவோர் கை ஓயும்போது கிணறும் ஓய்ந்தது; அவ்வோய்விலே ஊற்று மீண்டது. மின்மோட்டருக்குக் கை நோவதில்லை. ஆடி, ஆவணிக் கோடையிலும் அது வற்றுமட்டும் இறைக்கும். பின்னர் நீர் சவர்த்துப் போயிற்று என்று கிணற்றைப் பழிப்போம். மோட்டரை எறிந்துவிட்டுத் துலாவை மீண்டும் நாட்டுக என்று யாம் கூறவில்லை. முதியோர் தனித்து வாழும் வீடுகள் மலிந்த இத்தீவில் அவ்வாறு கூறுதல் கொடுமையாம். ஒரே மூச்சில் இறைக்காது காலையிற் சிறிதும் மாலையிற் சிறிதுமாக இறைத்தல், இடையே கிணற்றை ஆறவிடுதல், குளித்த நீரைச் சீமெந்து வாய்க்காலால் ஒழுங்கைக்குப் போக்காது வாழைக்கும் தென்னைக்கும் பாயவிடுதல், மலக்குழியைக் கிணற்றுக்கு எட்ட அமைத்தல் என்பன செலவில்லாத காரியங்கள். கூரையில் விழும் மாரிநீரை முற்றத்து மண்ணில் இறக்குவதும் அத்தகையதே. முற்றம் மண்ணாக எஞ்சியிருந்தால்!

எஞ்சியிருக்கின்றதா என்பதே ஐயம். 1990 தொடங்கிய இடப்பெயர்வுகளின்பின் மீண்டு வந்தோரும், கடல் கடந்து வாழ்வோர் அனுப்பும் பொருளால் வீடு திருத்துவோரும் முதலிற் செய்வது வளவைச் சுற்றி மதில் எழுப்புதல். அடுத்தது முற்றத்துக்குக் கல் பதித்தல். வீட்டிற் குடியிருப்பார் இல்லை; மதிலோ ஆறடி உயரம். அங்கே விழும் மழை மண்ணைத் தீண்டாமலே ஒழுங்கைக்கு ஓடிக் கடலைச் சேர்கின்றது.

வேலி எவ்வாறிருந்தது? பூவரசு, கிளுவை, சீமைக்கிளுவை ஆகியவற்றின் கதியால்கள் உயிரோடு நின்று அதனைத் தாங்கின. இடையே பனையோலை அல்லது கிடுகு கட்டி ஆண்டுதோறும் அடைத்தனர். அவிழ்த்த பழைய ஓலை குப்பையாகவில்லை. தோட்டத்தில் தாழ்த்தப்பட்டு எருவாயிற்று. கதியாலில் வெட்டிய குழை ஆட்டுக்குத் தீனும் மண்ணுக்குப் பசளையும் ஆயிற்று. சோளகக் காற்றை வேலி தணித்து உள்ளே விடும். மதில் வெயிலைக் குடித்து இரவெல்லாம் உமிழும். 2021இல் இரசாயனப் பசளையின் இறக்குமதியை அரசு திடீரெனத் தடுத்தபோது நாடு முழுவதும் கமக்காரர் திகைத்து நின்றனர். அத்தடையை யாம் மெச்சவில்லை. அவ்வாண்டு முடியுமுன்னரே அது தளர்த்தப்பட்டது. ஆயின் குழையும் ஓலையும் வீட்டெல்லையிலேயே விளையும் வழக்கம் முற்றும் அழியாதிருந்த வளவுகளில் அத்திகைப்புச் சற்றுக் குறைந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

மதிலுக்கும் ஒரு நியாயம் உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. யாழ்ப்பாணத்து வேலிக்குக் கால் முளைத்திருந்தது. அடைக்குந்தோறும் அயலான் நிலத்துள் ஒரு சாண் நகர்ந்து, அப்புக்காத்துமார் பலரை அது வாழ்வித்தது. மதில் அவ்வழக்குகளைக் குறைத்தது. கிணற்றின் பழம்பெருமையும் அவ்வாறே. மனிதருள் ஒரு சாராரைக் கிணற்றுக்கட்டில் ஏறவிடாது, பிறர் அள்ளி வார்க்கக் கையேந்தி நிற்கவைத்த காலத்தைப் பசுமைப் பொற்காலம் என்று பாடுவது நமக்கு வேண்டா. ஓலை பின்னிப் பின்னிக் கை காய்த்த பெண்டிரையும் நினைத்தல் வேண்டும்.

பண்டிதன் ஒருவனுக்கு வேறொரு கவலையும் உண்டு. பொருள் போனால் சொல்லும் போகின்றது. கதியால், ஆடுகால், துலாக்கொடி, பட்டை, பிளா என்பவற்றை இன்று வகுப்பிற் கூறினால் உரையெழுதியே விளக்கவேண்டியுளது. புறத்தே வைரம் உடையதைப் புல் என்றும் அகத்தே வைரம் உடையதை மரம் என்றும் தொல்காப்பியர் பகுத்தமையை மாணவர் மனனஞ் செய்கின்றனர். அப்புல்லினத்துப் பனையின் ஓலையைத் தொட்டறிந்தோர் சிலரே. 1850இல் வில்லியம் பேர்கசன் என்பவர் பனையைப் பற்றி நூலொன்று கொழும்பில் வெளியிட்டு, அதன் பயன் 801 எனக் கணக்கிடும் தமிழ்ச் செய்யுள் நூலையும் அதில் எடுத்துக்காட்டினார். போரிற் பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் எத்துணையோ தறிக்கப்பட்டன. 801இல் அப்பயன் சேர்ந்ததன்று.

சோறு சுற்றும் பொலித்தீன் தாளை 2017 செப்டெம்பரில் அரசு தடைசெய்தது. சட்டம் வந்த பின்னரும் வேலியோரத்திற் பொலித்தீனைக் குவித்து எரிக்கும் புகை மாலைதோறும் எழுகின்றது. அப்புகையையும் சாம்பலையும் காற்றும் மண்ணும் ஏற்கின்றன. மண்ணின் கீழே நாம் குடிக்கும் நீர். வாழையிலை வளவிலேயே உண்டு. கடகமும் பெட்டியும் இன்றும் சந்தையில் விலைக்குக் கிடைக்கின்றன.

தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டிற் திறக்கப்பட்டதை எடுத்துக்காட்டி, இனிக் கிணறு எதற்கு என்பாரும் உளர். நிலையம் வேண்டியதே. எனினும் அந்நீர் மின்விசையாற் பிறப்பது, குழாய்வழி வருவது, மாதந்தோறும் பற்றுச்சீட்டுக் கொண்டுவருவது. நம் கிணற்றை நாமே உவராக்கிக்கொள்ள அது காரணமாகாது.

மதில் கட்டியோர் அதனை இடிக்கவேண்டியதில்லை. அதன் உட்புறமாகப் பூவரசங் கதியால்களை வரிசையாக நடலாம். பதித்த கல்லில் கிணற்றடி தொடங்கிப் படலை வரை ஒரு முழ அகலத்தைப் பெயர்த்து, கூரைநீர் அவ்வழி இறங்கக் குழி வெட்டலாம். கதியால் வேரூன்ற முதல் மழையின் ஈரம் வேண்டும். ஆதலின் புரட்டாதி கழியுமுன் தடிகளை வெட்டி ஆயத்தஞ் செய்க.