தலையெழுத்து அன்று, இரத்தக்கசிவு

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 29ஆம் நாள் உலகப் பக்கவாத தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நாளில் வெளிவரும் சுவரொட்டிகளும் பதிவுகளும் பெரும்பாலும் ஒரே செய்தியைச் சொல்கின்றன: முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால், நாலரை மணி நேரத்துக்குள் மருத்துவமனையை அடையுங்கள், இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. செய்தி உண்மையானது, பல உயிர்களைக் காத்ததும்கூட. ஆயினும் அதில் ஒரு பாதி விடுபட்டுப் போகிறது. பக்கவாதம் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பதற்குள் இரு வேறு நோய்கள் இருக்கின்றன. ஒன்றில் மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுகிறது; மற்றொன்றில் குழாய் உடைந்து மூளைக்குள் இரத்தம் கசிகிறது. அந்த ஊசி முதலாவதற்கே உரியது. இரண்டாவதில் அதைச் செலுத்தினால் கசிவு பெருகும்.

2021ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை ஆய்வின்படி, புதிதாகப் பக்கவாதம் காண்போரில் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேருக்கு மூளைக்குள் ஏற்படும் இரத்தக்கசிவே காரணம். எண்ணிக்கையில் இது அடைப்பில் பாதிக்கும் குறைவு. உயிரிழப்பிலோ அடைப்புக்கு ஏறத்தாழ நிகராக நிற்கிறது. கசிவு நேர்ந்தவர்களில் சுமார் ஐந்தில் இருவர் ஒரு மாதத்துக்குள் இறந்துவிடுகின்றனர். இத்தனை கொடிய நோய்க்கு நம் விழிப்புணர்வுப் பேச்சில் ஏன் இடமில்லை? ஊசி என்று சுட்டிக்காட்ட ஒன்று இல்லாததால், சொல்வதற்கே ஒன்றுமில்லை என்று கருதிவிட்டோம் என்பதே என் விடை.

நான் மருத்துவன் அல்லன். மட்டாஞ்சேரியில் வசித்துக்கொண்டு பொதுச் சுகாதாரத்தில் ஆய்வு மேற்கொண்டிருப்பவன். மருத்துவ ஆய்வுகளை வாசிப்பதும், அவற்றின் முடிவுகள் மக்களைச் சென்றடைகின்றனவா என்று பார்ப்பதும் என் வேலை. அந்த நிலையில் நின்று ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். மூளை இரத்தக்கசிவில் கசிவுக்கு அடுத்தபடியாக உயிரைப் பறிப்பது, 'இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை' என்ற எண்ணம். அவ்வெண்ணத்துக்கு ஒருகாலத்தில் ஆதாரம் இருந்தது. இன்று இல்லை.

முதலில் நோயின் போக்கைப் பார்ப்போம். ஆண்டுக்கணக்கில் கட்டுப்படாத இரத்த அழுத்தம் மூளையின் ஆழத்திலுள்ள நுண்ணிய தமனிகளின் சுவரை நலிவுறச் செய்கிறது. ஒருநாள் சுவர் உடைந்து, பீறிடும் இரத்தம் மூளைத் திசுவைப் பிளந்துகொண்டு தேங்குகிறது. மண்டையோடு மூடிய பெட்டி, தேங்கியதற்கு வெளியேற வழியில்லை, அழுத்தம் ஏறுகிறது. இங்குக் கவனிக்கவேண்டியது, கசிவு ஒரே கணத்தில் முடிந்துவிடுவதில்லை என்பதை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு முதல் சில மணி நேரங்களில் அது மேலும் விரிகிறது. மருத்துவம் தலையிடக்கூடிய இடம் அந்தச் சில மணி நேரமே.

தலையிட முயன்ற ஆய்வுகள் நெடுங்காலம் ஏமாற்றத்தையே தந்தன. தேங்கிய இரத்தத்தை அறுவை செய்து அகற்றினால் பயன் உண்டா என்று 27 நாடுகளில் 1033 நோயாளிகளிடம் சோதித்த 'ஸ்டிச்' ஆய்வு, 2005ஆம் ஆண்டு வெளியானது. விரைந்து அறுவை செய்யப்பட்டோரில் நல்ல நிலையை அடைந்தவர் 26 விழுக்காடு. மருந்தோடு காத்திருந்தோரில் 24 விழுக்காடு. வேறுபாடு இல்லையென்றே கொள்ளவேண்டும். இரத்தத்தை உறையவைக்கும் விலையுயர்ந்த காரணி ஏழு மருந்து கசிவின் விரிவைக் குறைத்தது. நோயாளியின் நிலையை மேம்படுத்தவில்லை என்று 2008இல் வெளியான ஆய்வு கூறியது. மலிவான டிரானெக்சாமிக் அமிலமும் மூன்று மாத முடிவில் உடலியக்கத்தில் தெளிவான மாற்றத்தைத் தரவில்லை என்று 2325 பேரைக் கொண்ட 2018ஆம் ஆண்டு ஆய்வு கண்டது. தோல்வியை மறைக்காமல் வெளியிட்ட அந்த ஆய்வாளர்களின் நேர்மை போற்றத்தக்கது. ஆனால் ஒவ்வொரு தோல்வியும் மருத்துவமனை வராந்தாக்களில் ஒரே வாக்கியமாகச் சுருங்கிப்போனது: "ஒன்றும் பலிக்காது."

அந்த வாக்கியம் எத்தகைய ஆபத்தானது என்பதை 2001ஆம் ஆண்டிலேயே சியாட்டில் நகர ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். கசிவு நோயாளிகளின் இறப்பைத் தீர்மானிப்பதில், உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்திவிடும் முடிவே பெரும்பங்கு வகித்தது என்று அவர்கள் கண்டனர். பிழைக்கமாட்டார் என்று கணிக்கிறோம். கணித்ததால் சிகிச்சையைக் குறைக்கிறோம். குறைத்ததால் அவர் இறக்கிறார். இறந்ததால் கணிப்புச் சரியென்று நினைத்துக்கொள்கிறோம். இத்தகைய கணிப்புத் தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொள்வது. அமெரிக்க இதயக் கழகத்தின் வழிகாட்டு நெறிகள், நோயாளி முன்கூட்டியே விருப்பம் தெரிவித்திராதபோது, சிகிச்சையைக் குறுக்கும் முடிவுகளை மருத்துவமனையில் சேர்ந்த இரண்டாம் முழுநாள் வரையிலாவது தள்ளிவைக்கும்படி அறிவுறுத்துவது இதனால்தான்.

பிறகு காட்சி மாறியது. இரத்த அழுத்தத்தை விரைந்து குறைப்பது பற்றிய 'இன்டராக்ட்-2' ஆய்வு 2013இல் நம்பிக்கையூட்டும், ஆனால் அறுதியிட்டுச் சொல்லமுடியாத முடிவைத் தந்தது. இன்னும் கடுமையாகக் குறைத்துப் பார்த்த 'அட்டாக்-2' (2016) கூடுதல் பயன் எதையும் காணவில்லை; சிறுநீரகத்துக்குத் தீங்கு நேர்வதையே கண்டது. அதன்பின் ஆய்வாளர்கள் கேள்வியையே மாற்றினர். ஒரு மருந்து, ஒரு கருவி என்று தேடுவதை விடுத்து, எங்கும் கிடைக்கும் நான்கு எளிய செயல்களை ஒருசேர, தாமதமின்றிச் செய்தால் என்ன ஆகும்? மேல் இரத்த அழுத்தத்தை ஒரு மணி நேரத்துக்குள் 140க்குக் கீழே கொண்டுவருதல், இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தல், காய்ச்சலைத் தணித்தல், வார்ஃபரின் உட்கொண்டிருப்பவருக்கு அதன் விளைவை முறித்தல். இவ்வளவுதான்.

2023ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் வெளியான 'இன்டராக்ட்-3' இக்கேள்விக்கு விடையளித்தது. இந்தியா, இலங்கை உள்ளிட்ட 10 நாடுகளின் 121 மருத்துவமனைகளில் 7036 நோயாளிகள் இதில் சேர்க்கப்பட்டனர். அந்த 10 நாடுகளில் 9 நாடுகள் குறைந்த, நடுத்தர வருவாய் உடையவை. நான்கு செயல்களையும் சேர்த்துச் செய்தபோது, ஆறு மாத முடிவில் மோசமான நிலையை அடையும் வாய்ப்பு விகிதம் 0.86 ஆயிற்று, அதாவது ஏறத்தாழ 14 விழுக்காடு குறைந்தது. இறப்பும் குறைந்தது. புதிய மருந்தோ அரிய கருவியோ இதில் இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வேலை செய்யும் ஒழுங்கு மட்டுமே புதிது.

எதிர்வாதங்களை ஒதுக்கிவிடக் கூடாது. இவ்வாய்வில் பங்கேற்றோரில் மிகப் பெரும்பான்மையினர் சீன மருத்துவமனைகளில் சேர்ந்தவர்கள். இந்தியாவில் அதே அளவு பயன் கிட்டும் என்று எண்ணிக்கை கொண்டு உறுதிகூற முடியாது. 14 விழுக்காடு என்பது அற்புதமும் அன்று. பலர் அப்போதும் இறப்பர், பலர் முடங்குவர். அறுவை சிகிச்சையின் கதவும் முற்றாக மூடிவிடவில்லை: சிறுதுளை வழியே இரத்தத்தை அகற்றும் முறை, மூளையின் மேற்பகுதிக் கசிவுகளில் பயன் தருவதாக அமெரிக்காவின் 'என்ரிச்' ஆய்வு 2024இல் கண்டது. இவை அனைத்தையும் ஏற்கிறேன். ஆனால் அறுவை அரங்கும் தனிப்பயிற்சியும் வேண்டும் ஒரு முறைக்காகக் காத்திருக்கும் வேளையில், எந்த மருந்துக்கிடங்கிலும் இருக்கும் மாத்திரை, ஊசிகளைக் கொண்டு செய்யக்கூடியதைச் செய்யாதிருப்பதற்கு என்ன நியாயம்? நம்மைப் போன்ற நாடுகளின் நோயாளிகள் தம் உடலைத் தந்து கண்டறிந்த உண்மை இது. அது முதலில் திரும்பி வரவேண்டிய இடமும் இத்தகைய நாடுகளின் மருத்துவமனைகளே.

இனி மட்டாஞ்சேரிக்கு வருவோம். பஜார் சாலையின் மிளகு, இஞ்சிக் கிடங்குகளில் மூட்டை சுமப்போர், கோட்டைக் கொச்சி தோபி கானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார் சமூகத்தார், சிறுகடைக்காரர், படகுத் தொழிலாளர் என உடலுழைப்பையே முதலாகக் கொண்டவர்கள் நெருங்கி வாழும் பகுதி இது. இங்கிருந்து எறணாகுளத்தின் பெரிய மருத்துவமனைகளுக்குச் சாலைவழியாகச் செல்வோர் தோப்பும்படியைக் கடந்து, வெலிங்டன் தீவைக் கடந்து, பாலங்களின் நெரிசலில் ஊர்ந்து சேரவேண்டும். நோயாளியை எங்கே கொண்டுசெல்வது என்ற முடிவே இங்குச் சிகிச்சையின் முதற்படி ஆகிவிடுகிறது. அருகிலிருக்கும் இடம் என்று சி.டி. ஸ்கேன் இல்லாத ஒரிடத்தில் இறங்கி, அங்கிருந்து வேறிடத்துக்கு அனுப்பப்பட்டால், கசிவு விரியும் அந்த அரிய நேரம் சாலையிலேயே கழிந்துவிடும்.

ஸ்கேன் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குச் சீனாவில் நடந்த 'இன்டராக்ட்-4' (2024) தெளிவான சான்று. ஆம்புலன்சிலேயே இரத்த அழுத்தத்தைக் குறைத்தபோது, 2404 பேரையும் ஒருசேரப் பார்க்கையில் பயன் தென்படவில்லை. பிரித்துப் பார்த்தபோது, கசிவு உள்ளோருக்கு அது நன்மை செய்தது. அடைப்பு உள்ளோருக்குத் தீமை செய்தது. ஒரே மருந்து, நோய் மாறினால் விளைவும் மாறுகிறது. வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்தறிய எவராலும் இயலாது. ஆகவே வீட்டில் ஒருவர் திடீரெனச் சாய்ந்துவிட்டால் நாவின் அடியில் அழுத்த மாத்திரை வைப்பதும், மாரடைப்புக்குக் கேள்விப்பட்ட பழக்கத்தில் ஆஸ்பிரின் கொடுப்பதும் கூடாது. 108ஐ அழையுங்கள், அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே செல்லுங்கள்.

அடுத்தது குடும்பம். நோயாளி நினைவிழந்து கிடக்கையில் முடிவெடுப்பவர்கள் உறவினர்கள். 'மூளையில் இரத்தம் கசிந்துவிட்டது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள்' என்ற சொல்லை, வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசும் ஒரு கூலித்தொழிலாளியின் மனைவியோ மகனோ எப்படிப் புரிந்துகொள்வர்? தலையெழுத்து என்றுதான். நாளொன்றுக்கு ஆகும் செலவைக் கணக்கிடும் அச்சமும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் முதல் இரண்டு நாள்களில் எந்தக் கணிப்பும் நிச்சயமானதன்று என்பதை அவர்களுக்கு விளங்கும் மொழியில் எடுத்துச் சொல்லும் கடமை மருத்துவமனைக்கு உண்டு.

பிழைத்தவரின் பாரத்தையும் குடும்பத்தின் தோளில் மட்டும் ஏற்றிவிட முடியாது. இதற்கும் இந்திய ஆய்வே சான்று. பயிற்சி பெற்ற குடும்பத்தினரே வீட்டில் மறுவாழ்வுப் பயிற்சி அளிக்கலாமா என்று, லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் துரை பாண்டியன் உள்ளிட்டோர் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளிடம் நடத்திய 'அட்டெண்ட்' ஆய்வு 2017இல் வெளியானது. ஆறு மாதத்தில் இறந்தோர் அல்லது பிறரைச் சார்ந்து வாழ்வோர் இரு பிரிவிலும் 47 விழுக்காடு. குடும்பத்தின் அன்பு, பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவருக்கு மாற்றாகாது என்பதே இதிலிருந்து நான் பெறும் பாடம்.

இறுதியாக, கசிவு நேராமலே தடுப்பது. நலவாழ்வில் முன்னோடி என்று நாம் பெருமை கொள்ளும் கேரளத்தில், 2016-17இல் 12,012 பெரியோரிடம் நடத்தப்பட்ட மாநிலம் தழுவிய கணக்கெடுப்பு, 30.4 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாகக் கண்டது. அவர்களுள் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 12.4 விழுக்காடு மட்டுமே; எட்டில் ஒருவர். 2017இல் தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சியின் முதல் ஐந்து மாநிலங்களுள் கேரளமும் ஒன்று. மாத்திரை இலவசமாகவே கிடைக்கலாம். ஆனால் அதை வாங்க ஒருநாள் கூலியை இழக்கவேண்டுமென்றால் அது இலவசம் ஆகாது. தமிழ்நாட்டின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் செய்வதுபோல், மாத்திரை தொழிலாளியின் வாசலைத் தேடிச் செல்லவேண்டும்.

ஆகவே இப்பதிவின் வழியாக நான் முன்வைக்கும் கோரிக்கைகள் நான்கு. மேற்குக் கொச்சியில் எந்நேரமும் ஸ்கேன் எடுக்கக்கூடிய மருத்துவமனைகள் எவை என்ற பட்டியல் ஒவ்வொரு வார்டிலும் மலையாளத்திலும் தமிழிலும் ஒட்டப்படவேண்டும். கசிவு உறுதியானதும் அந்த நான்கு செயல்களும் முதல் மணி நேரத்திலேயே தொடங்கப்பட்டனவா என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் பதிவுசெய்து வெளியிடவேண்டும். முதல் இரண்டு நாள்களில் 'வீட்டுக்குக் கொண்டுபோங்கள்' என்ற சொல் வழங்கக் கூடாது. பஜார் சாலைக் கிடங்குகளிலும் தோபி கானாவிலும் மாதம் ஒருமுறை இரத்த அழுத்தம் அளந்து, அங்கேயே மாத்திரை வழங்கவேண்டும்.

இவற்றுள் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. மருத்துவத் துறை நண்பர்கள் இதில் திருத்தமோ மறுப்போ இருப்பின் எழுதுங்கள். மற்றவர்கள், வீட்டிலுள்ள பெரியவர்களின் இரத்த அழுத்தத்தை இந்த வாரமே அளந்து பாருங்கள்.