பட்டிக்குள் ஒளியும் துரு

மழைக்காலம் முடிந்ததும் மும்பையில் கார் வைத்திருப்பவர்களின் கண்ணில் படும் முதல் சேதி, கதவின் அடிவிளிம்பில் மிளகளவு கொப்புளம். நகத்தால் நெருடினால் பெயின்ட் உதிரும்; உள்ளே செந்நிறப் பொடி. துருப்பிடித்த இரும்பு பருமன் பெருகி பெயின்ட்டை மேலே தள்ளுகிறது. கடற்காற்றின் உப்பு இந்த அரிப்பை இன்னும் விரைவுபடுத்துகிறது.

கொப்புளத்தின் மேல் பட்டி, அதன்மேல் பெயின்ட்: அவசரக்காரர்களின் வைத்தியம் இது. கார் சில மாதம் மின்னும். ஆனால் பட்டி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அடியில் இருக்கும் துருவுக்கு அதைவிடச் சௌகரியமான இடம் கிடையாது.

பொறுமை இருந்தால் வீட்டிலேயே முறையாகச் செய்யலாம். ஒடுக்கு இருந்தால் முதலில் அதை உட்புறமிருந்து மரச் சுத்தியால், விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கி, மெல்லத் தட்டி எடுக்க வேண்டும். பிறகு துருவைச் சுற்றி ஓரிரு அங்குலம் சேர்த்து, பளிச்சென்று தகடு தெரியும்வரை 80ஆம் எண் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். நுண்குழிகளில் மிஞ்சும் துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த ரஸ்ட் கன்வர்ட்டர். அது காய்ந்தபின் எபாக்ஸி பிரைமர். மேலே பூசும் பட்டி 2, 3 மில்லிமீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அதையும் தண்ணீர் படாமல் தேய்த்து, தாமதிக்காமல் மறுபடி பிரைமர் அடித்த பிறகே பெயின்ட். தூசியும் ஆவியும் நுரையீரலுக்கு ஆகாது. காற்றோட்டமும் முகமூடியும் அவசியம்.

வீட்டு வைத்தியத்துக்கு எல்லையும் உண்டு. ஸ்குரூடிரைவர் முனை தகட்டுக்குள் இறங்கினால் அது வெல்டரின் வேலை. சேஸிஸ், கதவுக்குக் கீழுள்ள பக்கச் சட்டம், ஸீட் பெல்ட் பிணைந்திருக்கும் இடம் ஆகியவைதான் விபத்தில் உயிரைத் தாங்குபவை. அங்கே பட்டி பூசுவது உயிரோடு விளையாடுவது.

பழைய கார் வாங்குபவர்களுக்கும் இது பொருந்தும். மாருதி 800, அம்பாசிடர் இரண்டின் உற்பத்தியும் 2014இல் நின்றுவிட்டது. இன்று கைமாறும் வண்டிகள் எல்லாமே பல மழைகளைப் பார்த்தவை. மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை எஃகுத் தகட்டின்மேல் நகர்த்தினால், கனமான பட்டி உள்ள இடத்தில் பிடி தளரும். பளபளப்பு மறைத்ததைக் காந்தம் சொல்லிவிடும்.

துரு வராமல் காக்கச் செலவே இல்லை. கதவின் அடியில் நீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். மண் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். மழைக்கு முன் ஒரு மெல்லிய கம்பியால் குத்திவிட்டால் போதும்.