ஜிம் சலுகையும் காரைக்கால் பேயும்

காரைக்காலில் நாங்கள் சிலர் ஞாயிறு மாலைகளில் கூடிப் பேசுவது வழக்கம். பேச்சு பெரும்பாலும் புத்தகங்களைச் சுற்றியே இருக்கும். சென்ற மாதம் அது மருத்துவக் காப்பீட்டில் போய் நின்றுவிட்டது. எங்களில் மூத்தவரான ஓய்வுபெற்ற தமிழாசிரியர் தம் பாலிசியைப் புதுப்பித்த கையோடு வந்திருந்தார். இவ்வாண்டு முதல் ஜிம் உறுப்பினர் கட்டணத்தில் பாதி தள்ளுபடி உண்டு, கைப்பேசிச் செயலியில் பதிந்துகொண்டால் நடக்கிற நடைக்குப் புள்ளிகள் சேரும், புள்ளிகள் சேர்ந்தால் அடுத்த பிரீமியம் குறையும் என்று முகவர் சொல்லியிருக்கிறார். ஆசிரியர் பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக்கொள்பவர். நல்ல காரியம்தானே என்று உற்சாகமாகவே செயலியைத் திறந்தார்.

மாநிலம் எது என்று செயலி கேட்டது. புதுச்சேரி என்று தேர்ந்தெடுத்தார். உடற்பயிற்சிக் கூடங்களின் பட்டியல் விரிந்தது. அத்தனையும் புதுச்சேரி நகரத்தில் இருந்தன. காரைக்காலிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர். தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டின் ஊர்களையெல்லாம் கடந்து போய், அரைமணி நேரம் பளு தூக்கிவிட்டு, வந்த வழியே திரும்ப வேண்டும். தொலைபேசியில் விசாரித்தபோது, "அதே யூனியன் பிரதேசம்தானே சார்" என்று பதில் வந்ததாம். சிரித்து முடிக்க எங்களுக்குச் சற்று நேரம் பிடித்தது.

அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு நிறுவனத்தைத் திட்டித் தீர்ப்பது எங்கள் நோக்கமன்று. முகவரியில் நாங்கள் புதுச்சேரிக்காரர்கள். நிலத்திலோ மூன்று பக்கம் தமிழ்நாடும் ஒரு பக்கம் வங்கக்கடலும் சூழ வாழ்பவர்கள். கேரளத்துக்குள் இருக்கும் மாஹேக்காரரும் ஆந்திரத்துக்குள் இருக்கும் ஏனாம்காரரும் இந்த வேடிக்கையை நன்கறிவார்கள். இதை வரைபடம் அறியாத ஒரு மென்பொருளின் பிழை என்று விட்டுவிடலாம். ஆனால் பட்டியல் நாளையே திருத்தப்பட்டு, காரைக்காலின் ஒரு கூடமும் அதில் சேர்ந்துவிட்டாலும், எங்கள் ஆட்சேபம் தீராது. இந்தச் சலுகை உடல்நலத்தை வளர்க்கத் தரப்படும் பரிசு அன்று. ஏற்கெனவே நலமாக இருப்பவரைத் தேடி எடுக்கும் சல்லடை அது. இதுவே எங்கள் தரப்பு.

இதன் வரலாற்றைச் சற்றுப் பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவில் 1992இல் ஏட்ரியன் கோர் தொடங்கிய டிஸ்கவரி நிறுவனம், 1997இல் வைட்டாலிட்டி என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. ஜிம்முக்குப் போனால் புள்ளி, பரிசோதனை செய்துகொண்டால் புள்ளி, புள்ளிக்கேற்பத் தள்ளுபடிகள் என்பதே அதன் சாரம். அந்நாட்டின் 1998ஆம் ஆண்டு மருத்துவத் திட்டங்கள் சட்டம், நோயைக் காட்டி விண்ணப்பதாரரை மறுக்கக் கூடாது, நோயாளி என்பதற்காகக் கூடுதலாக வசூலிக்கவும் கூடாது என்று விதித்தது. நோயாளியை வாசலில் தடுக்க முடியாத இடத்தில், நலமானவரைத் தன்பால் ஈர்ப்பவருக்கே ஆதாயம். அதற்கான வழிகளுள் மிகவும் நாகரிகமானது ஜிம் சலுகை என்பது எங்கள் வாசிப்பு. இந்தியாவில் 2016இல் செயல்படத் தொடங்கிய ஆதித்ய பிர்லா ஹெல்த் இன்சூரன்சும் தென்னாப்பிரிக்காவின் எம்.எம்.ஐ. குழுமத்தோடு கூட்டாகத் தொடங்கப்பட்டதுதான். ஒரு நாளில் பத்தாயிரம் அடி நடந்தாலோ, முப்பது நிமிடம் ஜிம்மில் கழித்தாலோ, ஒரே மூச்சில் 300 கலோரி எரித்தாலோ அது ஒரு 'செயல்நாள்' என்று கணக்கு வைக்கும் முறையை இங்கே பழக்கியது அந்நிறுவனம். 2020 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ஜிம், யோகா மையம் போன்றவற்றின் உறுப்பினர் சீட்டுகளையும் புதுப்பிக்கும்போது பிரீமியத் தள்ளுபடியையும் நிறுவனங்கள் வழங்கலாம் என்று வழி வகுத்தன.

சல்லடை என்று நாங்கள் சொல்வது வெறும் வசை அன்று. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களுள், 2004, 2005 ஆண்டுகளில் ஜிம் உறுப்பினர் சலுகையைப் புதிதாகச் சேர்த்த 11 திட்டங்களை, சேர்க்காத 11 திட்டங்களோடு ஒப்பிட்டார்கள் கூப்பர், திரிவேதி ஆகிய இரு ஆய்வாளர்கள். 2012இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அது வெளியானது. சலுகை வந்தபின் அத்திட்டங்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள், முன்பு சேர்ந்தவர்களைவிட உடல்நலம் மிக்கவர்களாக இருந்தனர். நடக்கச் சிரமப்படுவோர் அவர்களிடையே குறைவு. ஜிம் அவர்களை நலமாக்கியிருக்க முடியாது, அவர்கள் சேர்ந்ததே அப்போதுதான். நலமானவர்கள் ஜிம்மைப் பார்த்து வந்து சேர்ந்தார்கள். மூட்டுவலிக்காரர் அந்த விளம்பரத்தைப் பார்த்து, இது நமக்கானதன்று என்று போய்விட்டார். யாரும் யாரையும் மறுக்கவில்லை. கதவு திறந்தே இருந்தது.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடக்கூடும். "ஏற்கெனவே நலமானவர்கள் வருகிறார்கள், சரி. வந்தவர்களில் சிலராவது இதனால் நடக்கத் தொடங்கினால் நல்லதுதானே?" நியாயமான கேள்வி. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 5,000 ஊழியரைக் கொண்டு இதையே சோதித்துப் பார்த்தார்கள். குலுக்கல் முறையில் சிலருக்குப் பணப்பரிசுடன் கூடிய ஆரோக்கியத் திட்டம் தரப்பட்டது, சிலருக்குத் தரப்படவில்லை. 2019இல் வெளியான முடிவுகளின்படி, மருத்துவச் செலவிலோ ஜிம்முக்குப் போகும் பழக்கத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. திட்டத்தில் விரும்பிப் பங்கேற்றவர்கள், அது தொடங்கும் முன்பே குறைந்த மருத்துவச் செலவு உடையவர்களாகவும் ஜிம்முக்குப் போகிறவர்களாகவும் இருந்தார்கள். பங்கேற்றவரையும் பங்கேற்காதவரையும் சும்மா ஒப்பிட்டால் திட்டம் அற்புதம் செய்ததுபோலத் தோன்றும். குலுக்கல் அந்தத் தோற்றத்தைக் கலைத்துவிட்டது.

பத்தாயிரம் அடி என்னும் எண்ணின் கதையும் சொல்லத் தகுந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கிற்கு மறுவருடம், 1965இல், ஜப்பானின் யமாசா நிறுவனம் இடுப்பில் செருகும் அடிமானி ஒன்றை விற்றது. அதன் பெயர் மான்போ-கெய். பத்தாயிரம் அடி மானி என்று பொருள். விற்பனைக்குச் சூட்டிய பெயர் மருத்துவ விதியாக வேடம் கட்டிக்கொண்டது. ஹார்வர்டின் ஐ-மின் லீ குழுவினர் சராசரியாக 72 வயதான பெண்களிடம் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், நடைக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பு நாளுக்கு ஏறத்தாழ 7,500 அடியோடு மட்டப்பட்டுவிடுகிறது. எங்கள் ஆசிரியர் 7,000 அடி நடந்தால் அவர் உடம்புக்கு அது நல்லது. ஆனால் செயல்நாள் கணக்கில் அவர் அன்று செயல்படவே இல்லை.

யாருடைய உழைப்பு கணக்கில் ஏறுகிறது என்பது இன்னொரு கேள்வி. கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் விடியுமுன் கரைக்கு வந்து, மீன்கூடையைத் தலையில் ஏற்றித் தெருத்தெருவாகப் போகும் பெண்களிடம் கைக்கடிகாரமும் இல்லை, செயலியும் இல்லை. திருநள்ளாற்றுப் பக்கம் நாளெல்லாம் குனிந்து நாற்று நடும் பெண், நடமாட்டக் கணக்கின்படி ஒரே இடத்தில் நின்றவள். அவர்களுக்கு இருப்பது, இருந்தால், ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான ஆயுஷ்மான் பாரத் அட்டை. அந்த அட்டை மீது நமக்கு ஆயிரம் குறைகள் இருக்கலாம். அது யாரிடமும் நேற்று எத்தனை அடி நடந்தாய் என்று கேட்பதில்லை.

காப்பீடு என்பதன் ஆதிப் பொருளே, விழுந்தவனை விழாதவர்கள் சேர்ந்து தாங்குவது. இதை எங்கள் ஊருக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. 1954 நவம்பரில் பிரெஞ்சு நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962இல் ஒப்பந்தம் முறைப்படி நடப்புக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இன்றும் இங்கே உண்டு. 1945இல் பிரான்சு நிறுவிய சமூகப் பாதுகாப்பு முறையின் அடிப்படையை அந்த வீடுகள் அறியும்: செலுத்துவது வருமானத்துக்கேற்ப, பெறுவது தேவைக்கேற்ப. 2017இல் ஜெனரலி நிறுவனம் வைட்டாலிட்டியைப் பிரான்சுக்குக் கொண்டுபோனபோது, நடத்தையைப் பார்த்துக் கட்டணத்தைக் கூட்டிக் குறைக்க அங்கே இடம் கிடைக்கவில்லை. கடைகளுக்கான பரிசுச்சீட்டுகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. ஜெர்மனியில் அதே குழுமத்தின் ஒரு காப்பீட்டு ஒப்பந்தம் உச்ச உரிமையியல் நீதிமன்றம் வரை போனது. வாடிக்கையாளரின் உடல்நல நடத்தை பற்றிய தகவல் நிறுவனத்துக்கு வந்து சேராவிட்டால், அவர் நலம் பேணாதவராகவே நடத்தப்படுவார் என்றது ஒரு ஷரத்து. 2024 ஜூனில் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பட்டியலில் ஊரே இல்லாத ஒருவருக்கு அந்தத் தீர்ப்பின் அருமை நன்றாகவே புரியும்.

காரைக்காலில் உட்கார்ந்து உடம்பைப் பற்றிப் பேசிவிட்டு அம்மையாரை விட்டுவிட முடியாது. இவ்வூர் வணிகர் குலத்துப் புனிதவதி, கணவன் தன் காலில் விழுந்து வணங்கியபின், அவனுக்காகச் சுமந்த இந்தத் தசை இனி வேண்டாமென்று உதறி, பேயுருவை வேண்டிப் பெற்றாள். தன்னைக் காரைக்கால் பேய் என்றே பாடிக்கொண்டாள். கயிலையைக் காலால் மிதிக்கத் துணியாமல் தலையால் நடந்து போனாள் என்கிறது பெரியபுராணம். அந்த நடையை எந்த அடிமானி எண்ணியிருக்கும் என்று ஆசிரியர் கேட்டபோது கூட்டம் மறுபடி சிரித்தது. ஆனால் கேள்வி விளையாட்டானது மட்டுமன்று. தன் உடம்பை எவர் பார்வைக்கு ஒப்புக்கொடுப்பது என்பதைத் தானே தீர்மானித்த பெண் அவள். நாமோ தூக்கத்தையும் நாடித்துடிப்பையும் நடையையும் நாள்தோறும் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்குப் பாதி விலை ஜிம்மை எதிர்பார்த்து நிற்கிறோம்.

உடற்பயிற்சிக்கு நாங்கள் எதிரிகள் அல்லர். எங்களில் இருவர் நாள்தோறும் இவ்வூர்க் கூடம் ஒன்றுக்குப் போகிறவர்கள். மாதக் கட்டணத்தைப் பணமாகக் கொடுத்து, கையால் எழுதிய ரசீதை வாங்கி வருகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் சேவைக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது; தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத வரி முழுவதும் நீங்கியது. அந்தச் சலுகை சென்னை வாடிக்கையாளருக்கும் காரைக்கால் வாடிக்கையாளருக்கும் ஒன்றுதான். புள்ளிகள் கேட்காமல், இருமலையும் சர்க்கரையையும் விசாரிக்காமல் எல்லோருக்கும் வந்தது. சலுகை தர மனமிருந்தால் அதற்கு வழியும் இருக்கிறது.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவே. நிறுவனம் சுட்டும் கூடம்தான் என்றில்லாமல், எந்த ஊர்க் கூடத்தின் ரசீதுக்கும் அதே தொகையைத் தரட்டும். ஜிம்முக்குப் போக இயலாத நோயாளி ஒழுங்காகப் பரிசோதனை செய்துகொள்வதையும் மருந்து எடுத்துக்கொள்வதையும் செயல்நாளாகக் கருதட்டும். தகவல் தர மறுத்தவர் அதனாலேயே கூடுதல் கட்டணம் செலுத்தும் நிலை வேண்டாம். நாம் செலுத்தும் பிரீமியத்தில் இந்தப் பரிசுகளுக்குப் போவது எவ்வளவு, அது எந்தெந்த மாவட்டங்களுக்குப் போய்ச் சேர்கிறது என்பதை ஒழுங்குமுறை ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடச் செய்யட்டும். இவற்றுள் எதுவும் இயலாதென்றால், அந்தத் தொகையைப் பிரீமியத்திலேயே எல்லோருக்கும் சமமாகக் குறைத்துவிடலாம். அதற்குச் செயலியும் தேவையில்லை.

ஆசிரியர் செயலியை நீக்கிவிட்டார். இப்போது மாலைகளில் அரசலாற்றங்கரை வழியே கடற்கரை வரை நடக்கிறார். கூடவே, உள்ளூர்க் கூடம் ஒன்றில் சேர்ந்து, அதன் ரசீதை இணைத்து, அறிவித்த பாதித் தொகையைத் தருமாறு நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதமும் அனுப்பியிருக்கிறார். கடிதத்தை நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் எழுதினோம். மாஹேயிலும் ஏனாமிலும், இத்தகைய பட்டியல்களில் இடம்பெறாத எந்தச் சிற்றூரிலும் உள்ள நண்பர்கள் இதேபோல் ஒரு கடிதம் எழுதலாம். எங்களுக்குப் பதில் வந்தால் அவசியம் தெரிவிப்போம்.