மன்னிப்பும் புகாரும்

மலேசியாவின் கெலுகோரில் எங்கள் அடுக்குமாடியில், மேல்வீட்டுப் பெரியவருக்கு வணக்கம் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் குளியலறைத் தண்ணீர் எங்கள் சமையலறைக் கூரையில் கசிந்து, சுண்ணாம்பு உரிந்து அடுப்பு மேல் விழுகிறது. கேட்டால் சண்டைதான். “சர்ச்சுக்குப் போறவங்களாச்சே, மன்னிச்சு விட்டுடுங்க அக்கா” என்கிறார்கள் பக்கத்து வீட்டில். மன்னித்துவிட்டேன். லிஃப்டில் பார்த்தால் இன்றும் வணக்கம் சொல்கிறேன். நிர்வாகத்திடம் புகாரும் கொடுத்திருக்கிறேன். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டும் சேர்ந்தே போகலாம் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1999 ஜனவரியில் இந்தியாவின் ஒடிசா மாநிலத்து மனோகர்பூரில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும் மகன்கள் பிலிப், திமோத்தியையும் ஒரு கும்பல் உயிரோடு எரித்தது. பிள்ளைகளுக்கு வயது 10, 6. மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னிப்பதாகச் சொன்னார். சொல்லிவிட்டு உடனே ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிவிடவில்லை; தாங்கள் வாழ்ந்த பாரிபடாவிலேயே தங்கி, 2004 வரை தொழுநோயாளிகளைக் கவனித்தார். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது. வழக்கு தன் வழியில் நடந்தது. முக்கியக் குற்றவாளி தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

நம் சபைகளில் மன்னிப்பைச் சொல்கிறோம்; வழக்கும் தண்டனையுமான இந்தப் பின்பாதியைச் சொல்வதில்லை. அடிக்கும் கணவனையும் பொறுத்துப் போகச் சொல்வது அன்பே அல்ல. மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. திருமண ஆயத்த வகுப்பிலேயே போதகர்கள் அதைச் சொல்லித்தரட்டும்.