ஊதச் சொல்லுமுன் உறங்க விடுங்கள்

மாண்புமிகு மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் துறை அமைச்சர் நிதின் கட்கரி அவர்களுக்கு,

விமானிகளுக்கு இருப்பதுபோல லாரி ஓட்டுநர்களுக்கும் வேலை நேர வரம்பு வேண்டும் என்று 2021இல் சொன்னீர்கள். லாரியை நம்பிப் பிழைக்கும் நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து ஆள் நான். அந்தப் பேச்சை மறக்கவில்லை. விமானியை இழுத்துவிட்டதால் அந்தப் பேச்சை அதன் முடிவு வரைக்கும் கொண்டுபோவோம்.

விமானி பணிக்கு வந்தால் ஊதிக் காட்ட வேண்டும். 2022 ஜனவரி 31 முதல் விமானப் பணியாளர்களுக்குப் போதைப்பொருள் சோதனையும் வந்துவிட்டது. ரயில் ஓட்டுநரும் ஊதிவிட்டுத்தான் எஞ்சினில் ஏறுகிறார். முப்பது டன் சிமென்ட்டோடு கிளம்பும் லாரி ஓட்டுநரை, சில பெரிய நிறுவனங்கள் தாமாகச் செய்வது தவிர, லோடு ஏற்றும் இடத்தில் யாரும் கேட்பதில்லை. நெடுஞ்சாலையில் போலீஸ்காரர் கையை நீட்டினால்தான் உண்டு.

அங்கேயும் ஊதும் கருவி காட்டுவது மதுவை மட்டும்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு மதுவுக்கு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்று கோடு போட்டிருக்கிறது. மற்ற போதைக்கு எண் எதுவும் இல்லை. வண்டியைச் சரியாகக் கையாள முடியாத அளவுக்கு அது ஆளைப் பிடித்திருக்க வேண்டும் என்கிறது. நடுராத்திரியில் சாலையோரத்தில் நின்று அதை யார் அளப்பது? வடக்கே நீண்ட தூரம் ஓட்டுகிறவர்கள் கசகசாக் காயின் தோலை டீயில் போட்டுக் குடிப்பது ஊரறிந்த சங்கதி. ஊதும் கருவிக்கு மட்டும் அது தெரியாது.

அமெரிக்காவில் 1987இல் மேரிலாந்தில் ரயில்கள் மோதி 16 பேர் இறந்தார்கள். சரக்கு எஞ்சினை ஓட்டியவர் கஞ்சா புகைத்திருந்தது சோதனையில் தெரிந்தது. அதன் பின் 1991இல் போதைச் சோதனையைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. கனரக லாரி ஓட்டுநர்களும் அதற்குள் வந்தார்கள். வேலையில் சேரும்போது ஒரு சோதனை, பிறகு குலுக்கல் முறையில், கடும் விபத்துக்குப் பிறகு, சந்தேகம் வந்தால் என்று சோதனைகள் தொடரும். ஒரே லாரியைச் சொந்தமாக வைத்து ஓட்டுகிறவரும் தப்ப முடியாது. பலர் சேர்ந்த கூட்டமைப்பு ஒன்றில் பதிந்துகொண்டு குலுக்கலில் நிற்க வேண்டும். நம் ஊரில் அந்த வேலையை லாரி உரிமையாளர் சங்கங்கள் செய்ய முடியும்.

எனக்கு அந்தச் சட்டத்தில் பிடித்தது கண்டிப்பு அல்ல, ஓட்டுநருக்கு அது வைத்திருக்கும் காவல். சிறுநீரை இரண்டு குப்பிகளில் பிரித்து வைக்கிறார்கள். முதல் குப்பியில் போதை தெரிந்தால், முதலாளிக்குச் சொல்லுமுன் ஒரு மருத்துவர் ஓட்டுநரை அழைத்து என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்கிறார். முடிவை ஏற்காதவர் 72 மணி நேரத்துக்குள் கேட்டால் இரண்டாவது குப்பி வேறு ஆய்வகத்துக்குப் போகும். தவறியவருக்கும் ஆலோசகர், சிகிச்சை, மறுசோதனை என்று வேலைக்குத் திரும்ப வழி உண்டு. கசகசா தின்றவர்களும் மாட்டிக்கொண்டதால், 1998இல் மார்ஃபினுக்கான வரம்பை 300 நானோகிராமிலிருந்து 2,000 ஆக உயர்த்தினார்கள். குருமாவில் கசகசா அரைத்து ஊற்றும் நமக்கு இது சின்ன விஷயம் இல்லை. கஞ்சாவோ, தினமும் புகைப்பவர் நிறுத்தி வாரக்கணக்கில் ஆன பிறகும் சிறுநீரில் தெரியும். தெரிந்ததாலேயே அவர் அந்த நேரம் மயக்கத்தில் ஓட்டினார் என்று ஆகிவிடாது. நம் சட்டத்தை எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பிவிடக் கூடாது.

அதே அமெரிக்காவில் சரக்கு லாரிக்காரர் 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு 11 மணி நேரம்தான் ஓட்டலாம். வண்டியில் உள்ள மின்னணுக் கருவி அதைக் குறித்து வைக்கிறது. நம்மிடமும் 1961ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம் என்றது. எந்த லாரி அதன்படி ஓடியது? கிளீனர் இல்லாமல் ஒற்றை ஆளாக ஓட்டச் சொல்லி, நாளை காலைக்குள் சரக்கு இறங்க வேண்டும் என்று மணிக்கு ஒரு தடவை போன் போட்டால், அவர் எதையாவது போட்டுக்கொண்டுதான் கண்ணைத் திறந்து வைப்பார். மாட்டினால் 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் கூடக் கிடைக்கலாம். போன் போட்டவருக்கு ஒன்றுமில்லை.

லாரிகளின் ஓட்டுநர் அறைக்கு ஏ.சி. கட்டாயம் என்று ஆக்கியவர் நீங்கள். முதலாளிகளின் முணுமுணுப்பைக் கடந்து ஒரு விதியைக் கொண்டுவர உங்களால் முடியும். ஆகவே கேட்கிறேன்: லாரி ஓட்டுநருக்குப் போதைச் சோதனையைக் கட்டாயமாக்குங்கள், செலவை வண்டி உரிமையாளரும் சரக்கு அனுப்புகிறவரும் ஏற்கட்டும், இரண்டாவது குப்பியும் மருத்துவர் விசாரணையும் அந்த விதியிலேயே இருக்கட்டும். வேலை நேரப் பதிவுக் கருவியையும் அதே அறிவிக்கையில் சேருங்கள். அது இல்லாமல் சோதனை மட்டும் வருமானால், தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
நாமக்கல் பக்கத்திலிருந்து ஒருவன்