எரவாடாவில் ஒரு மருத்துவர்

கடும் நோய் வந்தவரிடம் ‘நல்லதையே நினையுங்கள்’ என்று உபதேசிப்பது எனக்கு உடன்பாடில்லை. அவர் விரும்பும் வேலையைத் தொடர வழிசெய்வதே மேல். புனேயின் டாக்டர் சுனந்தா அவசட்டை நினைத்துத்தான் சொல்கிறேன். எரவாடா மனநல மருத்துவமனையில் பணியாற்றிய அவர், 1986-இல் கணவர் அனில் அவசட்டுடன் சேர்ந்து ‘முக்தாங்கண்’ போதை மீட்பு மையத்தைத் தொடங்கினார். மராத்தி எழுத்தாளர் பு.ல. தேஷ்பாண்டே பொருளுதவி செய்தார். புற்றுநோயோடு போராடியபடியே, வீட்டார் கைகழுவிய குடிநோயாளிகளுக்கு சுனந்தா தாயாக இருந்தார். தன் நாள்கள் குறைகின்றன என்று தெரிந்தும், பிறருடைய நாள்களை மீட்க அவற்றைச் செலவிட்டாரே, வாழ்வின் மீதான பற்று என்று நான் மதிப்பது இதைத்தான். 1997-இல் அவர் மறைந்தார். பிறகு மகள் முக்தா புண்தாம்பேகர் அந்தப் பணியை ஏற்றார்.